மீந்த புடவை

இன்றைக்கும் ஒரு புடவையைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றால் என் முழங்கால் தானாக மடங்கப் பார்க்கும். நான் இப்போது வேலை பார்ப்பது கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய ஷோரூமில். கண்ணாடி கவுன்டர், வழவழவென்று டைல்ஸ், தலைக்கு மேலே ஏசி. நின்றுகொண்டேதான் காட்ட வேண்டும். ஆனால் நான் தொழில் பழகியது மெத்தைக் கடையில்.

மெத்தைக் கடை என்றால் அதுவும் ஜவுளிக்கடைதான். இதே கடைத்தெருவில், எதிர்ச் சாரியில், நீளமாக உள்ளே போகும். தரையில் பாதிக்கு மேல் பஞ்சு மெத்தை போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கும். வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். நாங்களும் எதிரில் உட்காருவோம். நடுவில் புடவை குவியும். பாதிப் பேர் வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்று ஞாபகம் வந்து புடவையைக் கையில் எடுப்பார்கள். அவசரப்படுத்த மாட்டோம். எங்களுக்கும் கதை வேண்டுமே.

நான் நைனார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். சங்கராபுரத்திலிருந்து இன்னொரு பெண் வருவாள். ஜாக்கெட் துணி, பாவாடைத் துணி கிழித்துக் கொடுக்க ஒரு அண்ணன் இருந்தார். கல்லாவில் முதலாளியம்மா. அவரை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கடையை ஆரம்பித்தது அவர் வீட்டுக்காரர். அவர் திடீரென்று போய்ச் சேர்ந்ததும், இந்தப் பொம்பளை எங்கே கடை நடத்தப்போகிறது, சீக்கிரமே பூட்டிவிடும் என்று தெருவே பேசியது. அம்மா பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து கல்லாவில் உட்கார்ந்தார். அப்போது அவருக்குத் துணியைப் பற்றி என்னைவிடக் கம்மியாகத்தான் தெரியும். தெரியாததைக் கேட்க வெட்கப்படவும் மாட்டார். "ஏண்டி, இது கிரேப்பா, பூனமா?" என்று என்னிடமே கேட்டுவிட்டு, வாடிக்கையாளரிடம் ரொம்ப நாள் தெரிந்தவர் மாதிரிச் சொல்வார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அம்மா தங்கமானவர் என்று எழுதினால் அவரே நம்ப மாட்டார். சாயங்காலம் ஒரு டீதான். இரண்டாவது கேட்டால், "இன்னாடி, டீக்கடையில பொறந்தியா?" என்பார். கூட்டம் இல்லாதபோது எங்கள் தலைக்கு மேலே சுற்றும் ஃபேனை அணைத்துவிடுவார். தன் தலைக்கு மேலே சுற்றுவதையும் அணைத்துவிடுவார், அதையும் சொல்லியாக வேண்டும். புடவையை மடிக்கும்போது முந்தி மேலே தெரியாமல் மடித்துவிட்டால் அவ்வளவுதான், அன்றைக்கு முழுக்கக் கண்ணாலேயே எரிப்பார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒன்று சொன்னால் ரெண்டு திருப்பிச் சொல்வேன். எங்கள் இரண்டு பேர் சண்டையைக் கேட்பதற்கே வந்து உட்காருகிறவர்கள் இருந்தார்கள்.

ஆனால் என் மகள் தவழ்ந்தது அந்த மெத்தையில்தான். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். திட்டப்போகிறார் என்று பயம். அம்மா குழந்தையைப் பார்த்தார், வெள்ளை விரிப்பைப் பார்த்தார். "கீழ ரப்பர் ஷீட்டப் போட்டு வுடு. சரக்கு மேல மட்டும் போச்சின்னா பில்லு ஒம் பேர்லதான்" என்றார். அப்புறம் புடவை எடுக்க வருகிறவர்கள் மடியில் எல்லாம் அவள் வளர்ந்தாள்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு முன்னால் லாரி ஆபீஸிலிருந்து பேல், அதாவது புதுச் சரக்குக் கட்டு, வரும். இளம்பிள்ளையிலிருந்து ஒன்று, சூரத்திலிருந்து ஒன்று. சாக்கில் வைத்துத் தைத்து, கயிறு இறுக்கிக் கட்டியிருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெத்தையின் நடுவில் வைத்துப் பிரிப்போம். சாக்கைக் கிழித்ததும் கஞ்சி வாசனையும் புதுத் துணி வாசனையும் கலந்து வரும் பாருங்கள், அந்த வாசனைக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருக்கலாம். ஒரு துணிகூட அலமாரிக்குப் போவதற்கு முன்னால், விலைச் சீட்டு ஒட்டுவதற்கு முன்னால், வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு புடவை எடுத்துக்கொள்ள வேண்டும். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். துணி கிழிக்கும் அண்ணன் தன் வீட்டுக்காரிக்கு எடுத்துக்கொள்வார். மற்ற கடைகளில் தீபாவளி முடிந்து மீந்ததைத்தான் வேலைக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். இங்கே மீந்தது அம்மாவுக்கு. தீபாவளி வியாபாரம் எல்லாம் ஓய்ந்த பிறகு, எவரும் தொடாமல் கிடப்பதில் ஒன்றை எடுத்து, "இது என் தலையில எழுதியிருக்குது" என்று கட்டிக்கொள்வார். கிளிப்பச்சையில் ஆரஞ்சு பார்டர், கத்தரிப்பூ நிறத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூ. எங்கள் அம்மாவைப் பார்த்தாலே போன தீபாவளிக்கு எந்தக் கலர் ஓடவில்லை என்று தெரிந்துவிடும்.

ஒரு வருஷம் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை நான் எடுத்து ஓரமாக வைத்திருந்தேன். கடைக்குப் பழக்கமான ஒரு பெரிய இடத்து அம்மாள் வந்தார். காரில் வந்து இறங்கி மொத்தமாக எடுக்கிறவர். அவர் கண் நேராக அதன்மேல் போனது. அதுதான் வேண்டும் என்றார். கொடுத்துவிடலாம் என்று நானே கையை நீட்டப் போனேன். அம்மா கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது எங் கடப் பொண்ணு எடுத்துட்டதுங்க. வேற பாருங்க" என்றார். அந்த அம்மாள் முகம் சுருங்கிப் போனவர், அந்த வருஷம் திரும்பி வரவில்லை. அந்த மயில்கழுத்துப் புடவையை நான் கட்டிக் கட்டி, கடைசியில் மகளுக்குப் பாவாடையாகத் தைத்துப் போட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் எதிர்ச் சாரியில் ஷோரூம் வந்தது. மாடி மேல் மாடி, லிஃப்ட், வாசலில் குளிர்ந்த காற்று. ஜனங்கள் துணி எடுக்கிறார்களோ இல்லையோ, காற்று வாங்கவாவது போனார்கள். சங்கராபுரத்துப் பெண் முதலில் போனாள். அப்புறம் துணி கிழிக்கும் அண்ணன் போனார். இரண்டு பேரையும் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மட்டும் இருந்தேன். நான் போக மாட்டேன் என்பது எனக்கு அவ்வளவு நிச்சயம். கடையில் ஈ ஓட்டினாலும் இரண்டு பேருமாக ஓட்டுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி மாதம். அடுத்து பேல் வர வேண்டிய நேரம். ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"எதிர்க்கடையில பேசிட்டேன். நாளையிலேர்ந்து நீ அங்க போய்க்க" என்றார் அம்மா.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "எனுக்கு இன்னாத்துக்குமா அங்க? நா எங்க போவப்போறேன்?"

"இங்க ரெண்டு பேருக்கு வேல இல்ல. ஒருத்திக்குத்தான் இருக்குது. அந்த ஒருத்தி நானு."

"நா எதுனா கேட்டனா? சம்பளம் ஜாஸ்தி குடுன்னு கேட்டனா?"

"கேக்கலதான். கெளம்பு. சும்மா பேசிக்கினு நிக்காத."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. அழுதிருந்தால் ஆறியிருக்கும். நான் அழவில்லை. டப்பாவைப் பையில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். பேல் வருவதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டாரே. ஒரு புடவைக்குக் கணக்குப் பார்த்துவிட்டாரா? அத்தனை வருஷம் எங் கடப் பொண்ணு, எங் கடப் பொண்ணு என்றது எல்லாம் வாய் வார்த்தையா? மறுநாள் ஷோரூமில் சேர்ந்தேன். கவுன்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நாள் எல்லாம் அந்தக் கேள்விதான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. நான் அவருக்கு யார்? வேண்டியபோது வைத்துக்கொண்டு வேண்டாதபோது தள்ளிவிட்ட ஆளா?

ஷோரூமில் யூனிபார்ம் புடவை கொடுத்தார்கள். ஊதா நிறம், தோளில் கடையின் முத்திரை. கால் வீங்கும். நின்று நின்று நரம்பு புடைக்கும். பழகிக்கொண்டேன். வாய்தான் பழகவில்லை. யாராவது சுங்குடி கேட்டால், "நம்ம கடையில இருக்கும், எதிர்ல" என்று கை காட்டிவிடுவேன். சூப்பர்வைசர் தம்பி முறைப்பான். சேலத்துப் பையன், கழுத்தில் டை கட்டியிருப்பான். "அக்கா, இதான் நம்ம கடை" என்பான். சரிப்பா, இதுதான் நம்ம கடை என்பேன். மறுநாளும் கை அங்கேதான் போகும்.

தை மாதம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வேனில் வந்து இறங்கியது. மலையில் சாமை அறுத்து முடித்த கையோடு கல்யாணம் வைத்திருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு நேராக வருகிறார்களாம். பெண்ணுக்கு லிஃப்ட் இருக்கிற கடைதான் வேண்டும் என்று ஆசை, அதனால் இங்கே. மலைக்காரர்கள் புடவை எடுப்பது ஒரு ஆள் வேலை இல்லை. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எல்லாரும் வருவார்கள், எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள், எல்லார் வாயிலிருந்தும் சரி என்று வர வேண்டும். பெண்ணின் பெரியம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு மெத்தைக் கடையில் நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"இன்னாம்மா, இங்க வந்துட்டியா? நல்லா இருக்கிறியா?"

"இருக்கறங்க."

கவுன்டரில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். முன்னால் நின்ற நாலு பேருக்குத் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். பெரியம்மா கவுன்டரைப் பிடித்துக்கொண்டு, "நின்னுக்கினே எப்டிம்மா புடவ பாக்கறது? மத்தவங்க யாருக்கும் தெரியலியே" என்றார்.

நான் யோசித்துச் செய்யவில்லை. கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன், புடவைக் கட்டை மார்போடு அணைத்தபடி டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், முதல் புடவையை உதறி விரித்தேன். அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. கைக்குழந்தையை யாரோ என் மடியில் வைத்தார்கள். பேச்சு ஆரம்பித்தது. முந்தி ஒரு கையில், பார்டர் இன்னொரு கையில், ஏ இது நல்லாருக்குது, அது வாணாம், இத பாரு. எனக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு உயிர் வந்தது மாதிரி இருந்தது.

மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போக வழியில்லை. சூப்பர்வைசர் தம்பி ஓடிவந்து, "அக்கா, எழுந்திரிங்க, கேமராவுல பாக்கறாங்க" என்று கெஞ்சினான். பின்னாலேயே மேனேஜர் வந்தார்.

"எழுந்திரும்மா! இது இன்னா சந்தையா?"

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் புடவையை மடித்து மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சந்தைக்கு வந்தவங்க நாங்கதான். வாங்கடி போலாம்" என்றார். என் பக்கம் திரும்பி, "ஒங்க பழைய கட இருக்குதில்ல? கூட்டிக்கினு போ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசுவதற்கு முன்னால் கால் நடந்துவிடும். முன்னால் நான், பின்னால் கூட்டம். ரோட்டைக் கடந்தோம்.

அம்மா தனியாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அதே கிளிப்பச்சைப் புடவை. இத்தனை பேரைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, வாங்க, ஒக்காருங்க" என்று ஃபேனை எல்லாம் போட்டார். எல்லாரும் மெத்தையில் உட்கார்ந்தார்கள். நான் நேராக அலமாரிக்குப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். தட்டுகளில் பாதி காலி. மீதியில் இருந்ததெல்லாம் நான் மடித்து வைத்துவிட்டுப் போன பழைய சரக்கு. அந்தத் தீபாவளிக்குப் பேலே வரவில்லை. கல்யாணத்துக்கு எடுக்கும்படியான பட்டு மட்டும் கொஞ்சம் இருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினேன்.

"இரு" என்றார் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் ஊதாப் புடவையைப் பார்த்தார். "இவங்க எங்க வந்தாங்க? இங்கியா, அங்கியா?"

"அங்கதான் வந்தாங்க. அந்தாளு மரியாத இல்லாம பேசிட்டான். அதான் இங்க கூட்டியாந்தேன்."

"அவங்க புடவயக் கட்டிக்கினு எங் கடைக்கு யாவாரம் கொண்டாறியா?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"நீ இங்க இருந்தப்போ, இதே மாதிரி ஒரு பார்ட்டிய எதிர்க்கடைக்குக் கூட்டிக்கினு போயிருந்தா நா இன்னா பண்ணியிருப்பேன்?"

"அடிச்சித் தொரத்தியிருப்பீங்க."

"தெரியுதில்ல? கூட்டிக்கினு போ."

அந்த ஒரு வியாபாரம் நடந்திருந்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் கடை தாக்குப்பிடித்திருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அம்மா எல்லாருக்கும் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குழந்தையை வாங்கிக் கொஞ்சினார். பெரியம்மாவிடம், "அங்க நல்ல சரக்கு வந்திருக்குதுங்க. இவ கையால எடுங்க, வூட்டுக்கு எடுத்துக்கினு போயி கொற சொல்ல மாட்டீங்க" என்றார். வெயில் தாழும்வரை அவர்கள் அந்த மெத்தையில் இளைப்பாறிவிட்டுத்தான் எழுந்தார்கள். மறுபடியும் ரோட்டைக் கடந்தோம். கவுன்டரில் நின்றுகொண்டே காட்டினேன். நான் காட்டினால்தான் எடுப்போம் என்று பெரியம்மா சொல்லிவிட்டதால் மேனேஜர் தூரமாக நின்றுகொண்டார். பில் போட்டு முடிந்ததும் அவருக்கே என்னைத் திட்ட மனம் வரவில்லை.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இரண்டாவது முறையாக அனுப்பிவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஆடி பிறப்பதற்குள் மெத்தைக் கடை மூடிவிட்டது. இரண்டாம் மாடியில் என் கவுன்டருக்குப் பக்கத்துக் கண்ணாடியிலிருந்து பார்த்தேன். அலமாரிகளைக் கழற்றி ஏற்றினார்கள். கடைசியில் மெத்தையைச் சுருட்டி மினி டெம்போவில் தூக்கிப் போட்டார்கள். என் முன்னால் ஒரு பார்ட்டி நின்றுகொண்டிருந்தது, நான் நகர முடியாது. புடவையைப் பிரித்தபடியே அழுதேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

அதற்குப் பிறகு, கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. ஆள் வந்தால் எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உட்காரலாம். கால் வீக்கம் கொஞ்சம் குறைந்தது. மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போனாள். படிப்பை நிறுத்தாமல் முடித்தாள் என்றால் இந்த ஷோரூம் சம்பளத்தால்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அம்மா ஞாபகம் வரும். கோபமும் கூடவே வரும்.

போன தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், மத்தியானக் கூட்டம் குறைந்த நேரம். லிஃப்ட் திறந்தது. கையில் மஞ்சப் பையோடு அம்மா நின்றார். இளைத்திருந்தார். கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் பூப் போட்ட பழைய புடவை. லிஃப்டை ஒருமுறை பயத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் என் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்தார். "ஸ்டூலு குடுத்திருக்காங்களா? பரவால்லியே" என்றார். அப்புறம், "பேலு பிரிச்சாச்சா?"

"போன வாரமே பிரிச்சாச்சுமா."

"ஒனுக்கு எடுத்தியா?"

"இங்க அதெல்லாம் கெடையாதுமா."

"சரி, எடு. எனுக்குப் பாக்கறதுக்கு மின்னாடி ஒனுக்கு ஒண்ணு எடு. நா வாங்கித் தரேன்."

"வாணாம்மா" என்றேன்.

அம்மா கவுன்டர் கண்ணாடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "அந்த வருசம் பேலு எடுக்க முடில. நீ எப்பவும் போல வந்து நடுவுல ஒக்காந்துக்கினு, எப்பம்மா பேலு வரும்னு கேப்ப. எனுக்குத் தாங்காதுன்னுதான் மின்னாடியே அனுப்பிட்டேன். எங் கடப் பொண்ண தீபாவளிக்கு வெறுங்கையோட வூட்டுக்கு அனுப்பறத விட, சம்பளம் வர்ற எடத்துக்கு அனுப்பிடலாம்னு."

இத்தனை வருஷமாக நான் மனதில் வைத்திருந்த கேள்விக்கு அதுதான் பதில். அலமாரிக்குத் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு புடவை எடுத்தேன். மயில்கழுத்து நிறம்தான். அம்மா தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"இப்ப எனுக்கு. இதுல எது விக்காம கெடக்குதோ அதக் குடு."

பழக்கம் போகுமா? அடித்தட்டில் ஓடாத சரக்கு நிறையவே கிடந்தது, ரத்தச் சிவப்பில் ஊதாக் கட்டம் போட்டது எல்லாம். நான் அங்கே குனியவில்லை. புதுப் பேலில் வந்து இன்னும் யார் கையும் படாமல் இருந்ததில் ஒன்று, சந்தன நிறம், அரக்கு பார்டர். அதை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இதுதாம்மா. ரொம்ப நாளா யாரும் தொடல."

அம்மா பிரிக்கவில்லை. கட்டை விரலால் மடிப்பின் ஓரத்தை ஒரு முறை தடவினார். பேலிலிருந்து அப்போதுதான் வந்த துணியில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். நாலு பேர் பிரித்துப் பார்த்தால் தொய்ந்துவிடும். அது அவருக்கு நான் கற்றுக் கொடுத்தது.

"இது விக்கலியா?" என்றார்.

"ஆமாம்மா."

என்னை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தார்.

"சரி. எங் கடப் பொண்ணு சொன்னா சரியாதான் இருக்கும். பில்லு போடு."

அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டு பில் போட்டேன்.